யார் இந்த ஜான் எக்கிள்ஸ்? தன் வாதத்தைத் தானே உடைத்த மூளை விஞ்ஞானி

ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுடன் எப்படிப் பேசுது? மின்சாரத்திலா, ரசாயனத்திலா? இந்தச் சண்டையில் மின்சாரத்தின் பக்கம் விடாப்பிடியாக நின்றவர் ஜான் எக்கிள்ஸ்.

1903ல் மெல்போர்னில் பிறந்தவர். மருத்துவம் முடித்ததும் ஆக்ஸ்போர்டு போய் ஷெரிங்டனிடம் ஆய்வு பழகினார். ரசாயனம்தான் தூது என்ற ஹென்றி டேலுடன் பல வருஷம் மல்லுக்கட்டினார்.

திருப்பம் 1951ல், நியூசிலாந்தின் டுனெடின் நகரில் வந்தது. பூனையின் தண்டுவட நரம்பு செல்லுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயை இறக்கி, மின்னழுத்தத்தை அளந்தது அவரது குழு. 'நிறுத்து' சிக்னல் வந்ததும், செல்லின் உட்பக்கம் முன்பைவிட நெகட்டிவ் ஆனது. அவருடைய கொள்கைக்கு இது ஒத்தே வரவில்லை. தயங்காமல் ரசாயனக் கட்சிக்கு மாறினார். கொள்கை பொய்யாவதும் அறிவியலுக்கு லாபம்தான் என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரிடம் ஏற்கெனவே கற்றிருந்தார்.

சரி, செல் எப்படி முடிவெடுக்குது? சும்மா இருக்கும்போது உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். தூண்டும் ரசாயனம் அதை மேலே ஏற்றும். தடுக்கும் ரசாயனம் கீழே இழுக்கும். வரவு செலவு பார்த்து, மொத்தம் ஒரு எல்லையைத் தொட்டால்தான் செல் சிக்னல் அனுப்பும்.

இந்தத் தூண்டல், தடுப்பு ஆய்வுக்காகவே 1963ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லியுடன் மருத்துவ நோபல் பெற்றார். 1997ல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.