லெபிக் தெருவில் ஏறிய கியர்பெட்டி

1898ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி இரவு, பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் ஏறும் லெபிக் தெருவுக்கு ஒரு சிறிய நான்கு சக்கர வண்டி வந்தது. ஓட்டியவருக்கு வயது 21. அந்த வண்டியால் மேட்டில் ஏற முடியாது என்று நண்பர்கள் பந்தயம் கட்டியதாகச் சொல்வார்கள். வண்டி ஏறிவிட்டது. அன்றிரவே பன்னிரண்டு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டனர். அந்த இளைஞர்தான் லூயி ரெனோ. நாம் ரெனால்ட் என்று சொல்லும் காரின் பெயர் அவருடையது.

1877இல் பாரிஸில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் லூயி. பள்ளிப் பாடத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. பியாங்கூர் பகுதியில் குடும்பத்துக்கு இருந்த வீட்டின் தோட்டக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. கடையில் வாங்கிய தெ தியோன் பூத்தோன் மூன்று சக்கர மோட்டார் வண்டியை அங்கே பிரித்து, நான்கு சக்கர வண்டியாக மாற்றினார். என்ஜின் பிறர் செய்தது. கியர்பெட்டி மட்டும் அவருடைய சொந்தத் தயாரிப்பு.

அந்தக் கியர்பெட்டியில் என்ன புதுமை? அன்றைய கார்கள் பலவற்றில் என்ஜினின் சக்தி சங்கிலி அல்லது தோல்வார் வழியாகவே பின்சக்கரங்களுக்குப் போனது. சங்கிலி இரைச்சல் போடும், தளர்ந்துபோகும், சேறு பட்டால் தேயும். லூயி அதை நீக்கிவிட்டு, கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுவரை ஒரு நீண்ட சுழல்தண்டை வைத்தார். கியர்பெட்டிக்கு உள்ளேயும் ஒரு மாற்றம் செய்தார். கீழ் கியர்களில் சக்தி பக்கத்துத் தண்டுக்குப் போய், பற்சக்கரங்கள் வழியாகச் சுற்றித் திரும்பும். மேல் கியரிலோ, உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். பல்லோடு பல் உரசினால் கொஞ்சம் சக்தி வெப்பமாக வீணாகும். நேராகப் பூட்டிக்கொள்ளும்போது அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை.

உண்மையில் அந்த மேட்டில் கைகொடுத்தது கீழ் கியராகத்தான் இருந்திருக்கும். நேர்ப்பூட்டு சமதரையில்தான் பயன்படும். வாங்க வந்தவர்கள் அதையெல்லாம் யோசித்திருக்கமாட்டார்கள்.

பழைய பிக்அப் வண்டிகளில் ஆட்டோ கியர்பெட்டியைக் கழற்றிவிட்டு மேனுவல் பொருத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிளட்ச் மிதி வைத்தால் மட்டும் வேலை முடியாது. புதிய பெட்டியின் நீளம் வேறாக இருந்தால், பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டின் நீளத்தையும் மாற்ற வேண்டும். ஐந்து கியர் உள்ள அத்தகைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில், நான்காவது கியரில் இரண்டு தண்டுகளும் ஒரே வேகத்தில் சுழலும். லூயி தம் கொட்டகையில் செய்த அதே ஏற்பாடுதான்.

1899இல் அவர் காப்புரிமை பெற்றார். மற்ற நிறுவனங்கள் அந்த முறையைக் கையாளத் தொடங்கியதும் வழக்குப் போட்டு, வென்று, உரிமத்தொகை வசூலித்தார். வணிகத்தை அண்ணன்மார் மார்செலும் ஃபெர்னானும் கவனித்துக்கொண்டனர். விளம்பரத்துக்காக லூயியும் மார்செலும் கார்ப் பந்தயங்களில் ஓட்டினர். 1903இல் பாரிஸ் - மாட்ரிட் பந்தயத்தில் மார்செல் விபத்துக்குள்ளாகி இறந்தார். அதே பந்தயத்தில் முன்னணியில் ஓட்டிக்கொண்டிருந்த லூயி, அதன்பிறகு பந்தயத்தில் இறங்கவில்லை. 1909இல் ஃபெர்னானும் மறைந்தார். தொழிற்சாலை முழுவதும் லூயி கைக்கு வந்தது.

முதல் உலகப் போரில் அவர் பிரான்சின் நாயகர்களில் ஒருவர். 1914 செப்டம்பரில் படைவீரர்களை மார்ன் போர்முனைக்கு ஏற்றிச் சென்ற சுமார் 600 பாரிஸ் டாக்சிகளில் பெரும்பாலானவை ரெனோ வண்டிகள். அவருடைய தொழிற்சாலையில் உருவான எஃப்டி பீரங்கி வண்டியில் சுழலும் கோபுரம் மேலே, என்ஜின் பின்னே. இன்றைய பீரங்கி வண்டிகளும் பெரும்பாலும் அந்த அமைப்பில்தான் உள்ளன.

இரண்டாம் உலகப் போரில் கதை மாறியது. 1940இல் ஜெர்மனி பிரான்சைப் பிடித்ததும், பியாங்கூர் தொழிற்சாலை ஜெர்மன் ராணுவத்துக்கு லாரிகள் செய்துகொடுத்தது. 1942 மார்ச் 3ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் அதைக் குண்டுவீசித் தாக்கின. சுற்றுப்புறத்தில் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் மாண்டனர். தொழிற்சாலையைச் சீர்ப்படுத்தி மறுபடியும் ஓடவைத்தார் லூயி.

இயந்திரங்களும் தொழிலாளர்களும் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்படாமல் காப்பாற்றவே அப்படிச் செய்தார் என்பது அவர் பக்கத்து வாதம். அதை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த லாரிகள் ஓடியது எதிரிக்காகத்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாரிஸ் விடுதலையானபின், 1944 செப்டம்பரில், எதிரியோடு ஒத்துழைத்ததாகக் குற்றம் சுமத்தப்பட்டு ஃபிரேன் சிறையில் அடைக்கப்பட்டார். ஏற்கெனவே உடல்நலம் குன்றி, பேசுவதற்கே சிரமப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். அக்டோபர் 24ஆம் தேதி, விசாரணை தொடங்கும் முன்பே இறந்தார். 1945 ஜனவரியில் பிரெஞ்சு அரசு தொழிற்சாலையை நாட்டுடைமையாக்கியது. காப்புரிமைக்காக நீதிமன்றம் ஏறி வென்றவரின் கடைசி வழக்கில் தீர்ப்பு எழுதப்படவே இல்லை.