எம்டன் மூழ்கடித்த நகரங்களும் எங்கள் பெரியகடையும்

சில வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாண நகரத்தின் அபிவிருத்தி பற்றிய ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர மையங்களின் படங்கள் வந்தன. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புத் துறைமுக நகரம். அதற்கடுத்த படம் எங்கள் பஸ் நிலையம், மத்தியான வெயிலில், நெரிசலோடு. மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தின் ஓரத்தில் தெரிந்த ஒழுங்கையில்தான் என் தகப்பனாரின் சிறிய கடை இருந்தது. 1981இல் நூலகம் எரிந்த நாட்களில் அதுவும் எரிந்தது. திரும்பக் கட்டினார். 1990இல் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியபோது பூட்டியவர் பிறகு திறக்கவேயில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு தென்மராட்சிக்கு நடந்தபோது திறப்புக் கோர்வையை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் படங்கள் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு நகரத்தை இன்னொரு நகரத்தோடு ஒப்பிடுவது பிழையா? பிழையில்லை. அதையே வாழ்நாள் வேலையாகச் செய்த ஒரு மனிதர் இருந்தார். பட்ரிக் கெடிஸ் என்று பெயர். நகரத் திட்டமிடல் படிக்கும் பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் ஒப்பிட்ட விதம் வேறு.

கெடிஸ் 1854இல் ஸ்கொட்லாந்தின் பலற்றர் என்ற ஊரில், ஓய்வுபெற்ற ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தார். படித்தது உயிரியல். லண்டனில் தோமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். 1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ போன இடத்தில் கண்பார்வை போயிற்று. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். ஒருநாள் ஜன்னல் சட்டங்களை விரலால் தடவியபோது, கட்டங்களாகப் பிரித்துச் சிந்திக்கும் முறையொன்று பிடிபட்டது. கடதாசியைச் சதுரங்களாக மடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைக் கொடுத்து, அவை ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்று விரலால் பார்க்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால் நுணுக்குக்காட்டியோடு நெடுநேரம் வேலை செய்யும் பலம் கண்ணுக்கு இருக்கவில்லை. செடியையும் பூச்சியையும் பார்த்தவர் மெல்ல மெல்ல நகரத்தைப் பார்க்கத் தொடங்கினார். இடம், வேலை, மக்கள்: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த ஊரையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பது அவருடைய எண்ணம்.

1886இல் அனா மோர்ட்டனை மணந்தார். எடின்பரோவின் வசதியானவர்கள் பழைய நகரத்தைக் கைவிட்டுப் புதிய நகரத்துக்குப் போய் ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. பழைய நகரம் சேரியாகக் கிடந்தது. கணவனும் மனைவியும் அந்தச் சேரிக்குள்ளேயே, ஜேம்ஸ் கோட் என்ற முற்றத்தில், வீடெடுத்துக் குடியேறினார்கள். முதலில் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஜன்னலில் பூச்சாடி வைத்தார்கள். அயலவர்களும் சேர்ந்துகொண்டார்கள். திருத்தவே முடியாத வீடுகளை மட்டும் இடித்து, வெளிச்சமும் காற்றும் வர இடம் விட்டார்கள். மற்றவற்றைத் திருத்தினார்கள். மாணவர் விடுதிகள் வந்தன. இடித்துத் தள்ளியிருக்க வேண்டிய இடம் என்று பலரும் சொன்ன அந்தத் தெருக்கள் இன்றும் நிற்கின்றன.

1892இல் அதே தெருவில் ஒரு கோபுரக் கட்டடத்தை வாங்கினார். வருபவர்களை முதலில் உச்சிக்கு ஏற்றி, சுற்றியுள்ள நகரத்தைப் பார்க்கச் செய்வார். பிறகு ஒவ்வொரு தளமாக இறக்குவார். எடின்பரோ, அதற்குக் கீழே ஸ்கொட்லாந்து, பிறகு ஐரோப்பா, அடித்தளத்தில் உலகம். எங்கள் கலந்துரையாடலில் நடந்தது இதற்கு நேர்மாறு. உலகத்தில் தொடங்கினார்கள். கடைசியாகவே எங்கள் ஊருக்கு வந்தார்கள், அதுவும் வெட்கப்படுவதற்காக.

பிறகு நகரங்களை ஒப்பிடும் பெரிய கண்காட்சியொன்றைத் தொகுத்தார். வரைபடங்கள், பழைய சித்திரங்கள், புகைப்படங்கள். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் காட்டினார். 1913இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் அதற்குப் பரிசு கிடைத்தது. சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபு அழைக்க, 1914இல் கெடிஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கண்காட்சி கிளான் கிராண்ட் என்ற வேறொரு கப்பலில் வந்தது. முதலாம் உலகப்போர் தொடங்கிவிட்டது. ஒக்ரோபரில் அந்தக் கப்பலை ஜேர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. ஆம், சென்னையில் குண்டு போட்டுப் போன அதே எம்டன். பொல்லாத கெட்டிக்காரனை எம்டன் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் வந்த கப்பல்தான். பல வருடச் சேகரிப்பு கடலோடு போயிற்று. அவர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. பிரித்தானியாவிலிருந்த நண்பர்கள் அவசரமாக இன்னொன்றைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. 97,000 நூல்கள் எரிந்த ஊர்க்காரனான எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிக நெருக்கமாகப் பட்ட இடம் இது.

அதற்குப் பிறகு தமிழ் ஊர்களைச் சுற்றினார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம். காலையில் எழுந்து ஒழுங்கை ஒழுங்கையாக நடப்பார். கிணற்றடியில், மரத்தடியில், திண்ணையில் நிற்பார். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெருக்கமான குடிமனைகளை வெட்டி நேர்கோட்டில் வீதிகள் போட ஒரு திட்டம் இருந்தது. அப்படிச் செய்தால் நூற்றுக்கணக்கானோர் வீடிழப்பார்கள், அவர்கள் வேறெங்கோ போய் நெருக்கியடித்து இன்னொரு சேரியை உண்டாக்குவார்கள் என்று கெடிஸ் கண்டார். பாழடைந்த வீட்டை மட்டும் எடுத்துவிட்டு, வெறுங்காணியைச் சிறு முற்றமாக்கி, மரம் நட்டு, ஒழுங்கையைத் தேவையான இடத்தில் கொஞ்சம் அகட்டினால் போதும், செலவும் மிகக் குறைவு என்று காட்டினார். காக்கும் சத்திரசிகிச்சை என்று அதைத் தமிழில் சொல்லலாம். வெட்டுவதற்கு முன் நோயை அறி என்பதுதான் அதன் சாரம். வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்ன ஒழுங்கும் அதுதானே.

குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். நுளம்பு பெருகுகிறது, மலேரியா வருகிறது என்று அன்றைய அதிகாரிகள் குளங்களை மூடச் சொன்னார்கள். மீனும் தாராவும் விட்டால் நுளம்பு அடங்கும், குளம் ஊரைக் குளிர்விக்கும், நிலத்தடி நீரைக் காக்கும் என்று அவர் வாதாடினார். ஆறில்லாத, கிணற்றை நம்பிய எங்கள் குடாநாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. ஆரியகுளத்தையும் புல்லுக்குளத்தையும் நகரத்தின் நடுவே வைத்துக்கொண்டு, அவற்றை அழகுக்காக மட்டும் பார்க்கிறோம்.

1917 அவருக்குக் கொடிய வருடம். மூத்த மகன் அலஸ்டெயர் பிரான்சின் போர்முனையில் கொல்லப்பட்டான். செய்தி வந்தபோது அனா இந்தியாவில் காய்ச்சலோடு படுத்திருந்தார். மனைவியிடம் அவர் சொல்லவில்லை. மகன் உயிரோடிருக்கிறான் என்ற நம்பிக்கையோடே சில வாரங்களில் அனாவும் கண்மூடினார். நகரத் திட்டமிடல் நூல்கள் இதை ஒரு வரியில் கடந்து போகின்றன. இப்படிச் செய்தியை மறைத்த வீடுகள் எங்கள் ஊரிலும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

அடுத்து இந்தூர். அங்கே கொள்ளைநோய். மகாராஜாவிடம் அனுமதி வாங்கி, தீபாவளிக்கு ஒரு ஊர்வலம் ஏற்பாடு செய்தார். எந்தத் தெரு அதிகம் துப்புரவாகியிருக்கிறதோ அந்தத் தெருவால்தான் ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். ஊரே வீடு வாசலைக் கழுவித் திருத்தி வெள்ளையடித்தது. யானை, குதிரை, இராவணன் உருவம், நோய் பரப்பும் எலியின் பெரிய உருவம். துப்புரவுத் தொழிலாளர்கள் புது வெள்ளை உடையோடும் மாலைகளோடும் மரியாதையாக ஊர்வலத்தில் நடந்தார்கள். நல்லூர்த் தேர்க்காலத்தில் எங்கள் வீதிகள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும்.

1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 1921இல் கொழும்பு மாநகரத்துக்கு ஒரு திட்ட அறிக்கை எழுதினார். அவர் எழுதிய அறிக்கைகளில் யாழ்ப்பாணம் இல்லை. அவரைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. அவருடைய எழுத்து வாசிக்கக் கடினம். மேடையில் தாடிக்குள்ளேயே பேசுவார், பின்வரிசைக்குக் கேட்காது. அறிக்கைகளில் பல அலுமாரியிலேயே தங்கிவிட்டன. பேரரசின் நிழலில் நின்று வேலை செய்தவர் என்பதையும் மறக்க முடியாது. கடைசிக் காலத்தில் பிரான்சின் மொன்பெலியே நகரில் ஒரு கல்லூரி கட்டினார். 1932இல் சேர் பட்டம் பெற்ற சில வாரங்களில் அங்கேயே இறந்தார்.

அவரைப் படித்தபின் நானும் ஒரு கொப்பியோடு நகரத்தில் நடக்கத் தொடங்கினேன். கோட்டை மதிலில் ஏறி நின்றால் கடலேரி, நூலகம், விளையாட்டரங்கு எல்லாம் தெரியும். புல்லுக்குளத்தருகே இந்திய உதவியில் எழுந்த கலாசார நிலையம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். நகர மண்டபம் இருந்த இடமும் தெரியும், நினைவிருந்தால். கீழே இறங்கி பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி. கிளினிக்குக்கு வந்த தீவுப்பகுதிச் சனம் பஸ் வரும்வரை எங்கே நிழலுக்கு நிற்கிறது, நடைபாதையில் பழம் விற்கும் அம்மாக்கள் எத்தனை மணிக்குக் கடை விரிக்கிறார்கள், எந்தக் கடையின் மேல்மாடி 1990இலிருந்து பூட்டியே கிடக்கிறது, அதன் சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார். இவை எந்தப் படத்திலும் இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தேன். தகப்பனாரின் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். நான் எழுதுவதைப் பார்த்த பக்கத்துக் கடை முதியவர், எந்தக் கந்தோரிலிருந்து வந்திருக்கிறேன், வீதி அகட்டவா என்று பயத்தோடு கேட்டார். எந்தக் கந்தோரும் இல்லை, இந்தக் கடைக்காரரின் மகன் என்றேன். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒழுங்கையின் முதற்கடையிலிருந்து யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். நான் கொப்பியில் புதுப் பக்கம் புரட்டினேன்.