அண்ணல் கேட்ட கூலிக் கணக்கு

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதை என்று அறிந்த அளவுக்குக் கூலிக்காக வாதாடியவர் என்று நம் பிள்ளைகள் அறிவதில்லை. 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர், பம்பாய் பரேலில் மில் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்பில் ஒற்றை அறையில் படித்து வளர்ந்தார். ஆலைச் சங்குச் சத்தம் அவருக்குப் புதிதல்ல.

அந்தப் பஞ்சாலைகளில் நூற்பைவிட நெசவுக்குக் கூலி அதிகம். ஆனால் தலித்துகள் தறிக்கூடத்துக்குள் நுழைய முடியாது. காரணம் நாடா. தார் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட்டு, நூல் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். நீராவியும் மின்சாரமும் வந்தன. தீட்டும் கூடவே ஆலைக்குள் வந்தது. இருபது வருடம் வேலை பார்த்தவரும் நூற்புப் பகுதியிலேயே கிடந்தார்.

1928 வேலைநிறுத்தத்தில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஆறு மாதம் ஆலைக்குப் போகவில்லை. ஒருவரே கூடுதல் தறி பார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் கூலி வெட்டையும் எதிர்த்தார்கள். நியாயமான போராட்டம்தான். எங்கள் ஆட்களுக்கு எல்லாப் பகுதியிலும் வேலை என்பதையும் கோரிக்கையில் சேருங்கள் என்றார் அம்பேத்கர். சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள். முதலாளிகளோ இந்தத் தடைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கைவிரித்தார்கள். தொழிலாளியைத் தொழிலாளியே தடுத்ததைச் சுட்டிக்காட்டி அவர்கள் தப்பித்துக்கொண்டதுதான் வேதனை.

1938 பிப்ரவரியில் மன்மாடில் தலித் ரயில்வே தொழிலாளர்கள் மாநாட்டில் அவர் எடுத்துக்காட்டியதும் இதே கதைதான். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் கடைசிவரை கேங்மேன். போர்ட்டராகக்கூட முடியாது, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், அந்த வீட்டுக்குள் இவரை விடமாட்டார்கள். சர்வீஸ் கூடும், பதவி கூடாது.

1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி, பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்ற தடையை 1943இல் அரசு தளர்த்தியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. உறுப்பினர் என்ற முறையில் சட்டசபையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். சங்கடமான இடம்தான். ஆனால் ஆணுக்கு என்ன கூலியோ அதே கூலி பெண்ணுக்கும் என்பது அங்கே நிபந்தனையாக இருந்ததை அவர் பெருமையோடு எடுத்துச் சொன்னார். 1946 பிப்ரவரியில் தடை திரும்பவும் வந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 11 அன்று குறைந்தபட்சக் கூலி மசோதாவைச் சட்டசபையில் வைத்தார். சில மாதங்களில் பதவி முடிந்தது. அடுத்து அத்துறைக்கு வந்த ஜெகஜீவன் ராம் காலத்தில், 1948இல் அது சட்டமானது. 2025 வரை அமலில் இருந்த அச்சட்டத்தின் அட்டவணையில் இரண்டாம் பகுதியே விவசாய வேலைக்கு உரியதாக இருந்தது: உழவு, விதைப்பு, அறுவடை எல்லாம் அதில் வந்தன.