நிலாவில் காடு பார்த்தவர்



போன பௌர்ணமி அன்று எங்க சித்தப்பா, மனுஷன் நிலாவுக்குப் போனதே பொய், போயிருந்தா அங்கே விட்டுவந்த சாமான் பெரிய தொலைநோக்கியில் தெரியாதா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வில்லியம் ஹெர்ஷலின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது.

ஹெர்ஷல் 1738-ல் ஜெர்மனியில் உள்ள ஹானோவரில் பிறந்தார். அப்பாவைப் போலவே ராணுவ பேண்டில் வாசித்தார். 1757-ல் இங்கிலாந்துக்குப் போய் இசை ஆசிரியரானார். பகலில் பாட்டு, ராத்திரியில் வானம். அவர் ஆசைப்பட்ட அளவுக்குப் பெரிய ஆடி விலைக்குக் கிடைக்காததால் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கித் தானே செய்தார். தங்கை கரோலின் அச்சு செய்யக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்துக் கொடுத்தார். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் ஆடியைத் தேய்த்தார். அன்றைக்குச் சாப்பாடே கரோலின் ஊட்டிவிட்டதுதான்! 1781 மார்ச் 13-ல் யுரேனஸைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார்.

அப்பேர்ப்பட்டவரும் ஒரு இடத்தில் ஏமாந்தார். 1776-ல் நிலாவைப் பார்த்து, அங்கே காடு இருக்கிறது என்று நம்பினார். வட்டப் பள்ளங்களை ஊர்கள் என்று நினைத்தார். நாம் வடை சுடும் பாட்டியைப் பார்ப்பது மாதிரிதான். தெளிவாகத் தெரியாத இடத்தை மனசு நிரப்பிவிட்டது.

ஏன் தெரியவில்லை? தூரத்தில் வரும் லாரியின் இரண்டு லைட்டும் ஒன்றாகத் தெரியும், கிட்டே வந்தால்தான் பிரியும். தொலைநோக்கிக்கும் அப்படி ஒரு எல்லை உண்டு. ஆடி அகலமாக அகலமாகச் சின்னப் பொருள் பிரிந்து தெரியும். ஆடியை மாற்றாமல் உருவத்தை மட்டும் பெரிசாக்கினால் மங்கல்தான் பெரிசாகும்.

1789-ல் ஹெர்ஷல் 40 அடி நீளத் தொலைநோக்கி செய்து முடித்தார். அதன் ஆடி 48 அங்குல அகலம். நிலா இருப்பதோ சுமார் 3,84,000 கி.மீ. தூரத்தில். கணக்குப்படி அந்த ஆடியில் நிலாவில் சுமார் 200 மீட்டருக்குக் குறைந்த பொருள் பிரிந்து தெரியாது. வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே தெரிவது போலக் காற்று அலைவதால் அதுவும் கஷ்டம். 1990-ல் காற்றுக்கு மேலே அனுப்பிய ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர். அதற்கே எல்லை சுமார் 100 மீட்டர். 1969-ல் இறங்கிய கலமோ காலோடு சேர்த்து சுமார் 9 மீட்டர்தான்! ஒரு மீட்டர் பொருளைப் பார்க்க 200 மீட்டருக்கு மேல் அகலமான ஆடி வேண்டும். நம்ம பள்ளி மைதானமே பத்தாது.

அதனால்தான் கிட்டே போனார்கள். 2009-ல் அனுப்பிய எல்.ஆர்.ஓ. விண்கலம் நிலாவைச் சுற்றி வந்து, கலத்தின் அடிப்பாகத்தையும் வீரர்கள் நடந்த தடத்தையும் படம் எடுத்தது.

ஹெர்ஷல் 1822-ல் தன் 83-வது வயதில் இறந்தார். இல்லாத காட்டை அவர் இருக்கு என்றார். இருக்கிற கலத்தைச் சித்தப்பா இல்லை என்றார். இரண்டு பேருமே தொலைநோக்கியின் எல்லையை மறந்துவிட்டார்கள். சித்தப்பாவிடம் லாரி கதையைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் மறுத்துப் பேசவில்லை.



– 9-ஆம் வகுப்பு மாணவி