காவலூர் கண்ட வைணு பாப்பு

தம்புள்ளைக் குன்றின் அடிவாரத்தில் மாணவர்க்கு விண்மீன்களைக் காட்டும் இரவுகளில் நான் வைணு பாப்புவை நினைப்பதுண்டு.

1927இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்திற் பணிபுரிந்தவர். ஹார்வர்டிற் பயிலும்போதே 1949இல் வால்மீனொன்றைக் கண்டறிந்தார். 1957இல், கால்சியத்தின் நிறமாலைக் கோட்டு அகலத்தினின்று விண்மீனின் உண்மையொளியை அறியும் வழியை வில்சனுடன் வகுத்தார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத் தலைமையேற்றார். தெளிந்த வானைத் தேடி ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தார். அங்கே 2.34 மீட்டர்த் தொலைநோக்கியொன்றை உள்நாட்டிலேயே ஆக்க முனைந்தார். அது நிறைவுறுமுன், 1982இல் மூனிச் நகரில், 55ஆம் வயதில் மறைந்தார். 1986இல் திறக்கப்பட்ட அத்தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கிற்று.

அவர் வளர்த்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் 2016இல் என்.ஜி.சி. 188 என்னும் முதிய கொத்தை அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியால் ஆராய்ந்தனர். உடன்பிறந்த மீன்கள் முதுமையுற்ற பின்னும் நீலமாய் இளமை காட்டும் மீனொன்றின் அருகே வெம்மைமிக்க துணையொன்று தென்பட்டது. முதிர்ந்த துணை தன் வாயுவை ஈந்தமையால் வந்த இளமை அது. இத்தகைய மீன்கள் சிலவற்றில் மிகுந்துள்ள பேரியமும் அக்கொடைக்குச் சான்று.

ஈந்த மீன் என்னாயிற்று என்று மாணவர் கேட்பர். பாப்புவின் வரலாற்றையே விடையாகச் சொல்வேன்.