மேடையைப் படைக்கலமாக்கியவர்

கேபரே என்னும் சொல் திரைப்படங்களின் வழியாக நம்மிடையே ஓர் இளக்காரமான பொருளைப் பெற்றுவிட்டது. ஐரோப்பாவில் அது தனிக் கலைவடிவம். பார்வையாளர்கள் மேசைகளின் முன் அமர்ந்து உண்டும் உரையாடியும் இருக்க, அவர்களுக்கு மிக அருகில் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்து நிகழும். உயர்ந்த மேடை தரும் தொலைவும் பாதுகாப்பும் அங்கே கலைஞருக்கு இல்லை. எதிரே இருப்பவரை ஒவ்வோர் இரவும் வென்றாக வேண்டும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கேபரேயிலும் பெரிய இசையரங்குகளிலும் திரைப்படங்களிலும் அவ்வாறு வென்றவர் ஜோசபின் பேக்கர்.

அவர் 1906ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில், வறிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தாய் கேரி மெக்டொனால்ட் துணி வெளுத்துப் பிழைத்தவர். மகளோ எட்டு வயதிலேயே வெள்ளையர் வீடுகளுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டாள். 1917 ஜூலையில், ஆற்றின் மறுகரையிலிருந்த கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குத் தீயிட்டன, பலரைக் கொன்றன. உயிர் தப்பியவர்கள் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஓடிவந்தார்கள். அப்போது ஜோசபினுக்குப் பதினொரு வயது. அக்கொடுமையின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை.

பதின்மூன்று வயதில் ஒரு மணம், பதினைந்தில் மற்றொன்று. இரண்டும் நிலைக்கவில்லை. இரண்டாம் கணவரின் குடும்பப் பெயரான பேக்கர் மட்டும் நிலைத்தது. கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய ‘ஷஃபிள் அலாங்’ என்னும் இசைநாடகத்தின் சுற்றுப்பயணக் குழுவில் அவருக்குக் கிடைத்தது குழு நடன வரிசையின் கடைசி இடம். அந்த இடத்திலிருந்தே அவர் தமக்கென ஒரு வழியைக் கண்டார். கால்களைத் தடுமாற விட்டும் கண்களை மாறுகண்ணாக்கியும் கோணங்கித்தனம் செய்தார். மக்கள் முன்வரிசையை விட்டுவிட்டு ஓரத்தில் நின்ற சிறுமியைக் கண்டு நகைத்தனர்.

பாரிஸ் தந்த புகழ்

1925ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், கறுப்பினக் கலைக்குழு ஒன்றுடன் கப்பலேறிப் பாரிஸ் சென்றார். அக்டோபர் 2ஆம் நாள் ஷான்ஸ் எலிசே அரங்கில் நடந்த முதற்காட்சி அவரை ஓரிரவில் நகரறிந்தவராக்கியது. அடுத்த ஆண்டு ஃபோலி பெர்ஷேர் அரங்கில், வாழைப்பழ வடிவங்கள் கோத்த இடையணியுடன் காட்டு மரங்களின் நடுவே ஆடினார்.

அந்தக் கைதட்டலை முழுமையான மதிப்பு என்று கொள்வதற்கில்லை. பிரான்சு அப்போது ஆப்பிரிக்காவில் பல நாடுகளை அடக்கி ஆண்டுவந்தது. செயின்ட் லூயிஸில் பிறந்த பெண்ணிடம் அந்நகர மக்கள் தாம் கற்பனை செய்த ஆப்பிரிக்கக் காட்டைத் தேடினார்கள். ஜோசபின் அவர்கள் கேட்டதைக் கொடுத்தார். கொடுக்கும்போதே அதைக் கேலியாகவும் மாற்றினார். ஆனால், அதனோடு அவர் நின்றுவிடவில்லை. பிரெஞ்சு மொழியையும் குரலையும் பயின்று, 1930இல் கசினோ த பாரிஸ் மேடையில் பாடகியாக நின்றார். ‘ஜூஜூ’ (1934), ‘பிரின்செஸ் தாம் தாம்’ (1935) ஆகிய திரைப்படங்களில் கதைத்தலைவியாக நடித்தார். அவ்விரண்டிலும் கதைத்தலைவி விரும்பிய வெள்ளையின ஆடவர் அவளுக்குக் கிடைப்பதில்லை என்பது கருதத்தக்கது.

ஐரோப்பிய நாடுகளிலும் தென்னமெரிக்காவிலும் அவர் சுற்றுப்பயணம் செய்தார். வியன்னாவில் அவர் வருகைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1936இல் பிறந்த நாட்டுக்குத் திரும்பி நியூயார்க்கில் ஆடியபோது, அங்குள்ள இதழ்கள் அவரை இழித்தெழுதின. மறு ஆண்டு அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்.

இசைத்தாளில் எழுதிய மறைசெய்தி

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும், ஷாக் அப்தே என்னும் உளவு அதிகாரி அவரை அணுகினார். புகழ்பெற்ற கலைஞரைத் தூதரக விருந்துகள் தாமே அழைக்கும். எல்லைக் காவலரோ அவர் பெட்டிகளைச் சோதிப்பதை விடுத்து அவருடைய கையொப்பத்தை நாடுவர். எவரும் மறைந்து செய்யும் பணியை, எல்லாரும் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தவர் ஜோசபின். விருந்துகளில் கேட்டவற்றைச் சிறு தாள்களில் குறித்து ஆடைக்குள் ஊசியால் குத்தி வைத்தார். செருமானியப் படை பிரான்சைக் கைப்பற்றிய பின், 1940 நவம்பரில், இசைத்தாள்களில் கண்ணுக்குப் புலப்படாத மையால் எழுதிய செய்திகளுடன் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகருக்குப் பயணமானார். அப்தே அவருடைய செயலாளர் வேடத்தில் உடன் சென்றார்.

பின்னர் வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றவர், காசாபிளாங்காவில் கடும் நோய்வாய்ப்பட்டு ஓராண்டுக்கும் மேலாக மருத்துவமனையில் கிடந்தார். அவர் இறந்துவிட்டார் என்றே செய்தி பரவியது. எழுந்து நடக்க முடிந்ததும் நேச நாட்டுப் படைவீரர் முன் பாடக் கிளம்பினார். 1946இல் பிரான்சின் எதிர்ப்பியக்கப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

பிறந்த நாட்டுடன் அவருக்கிருந்த வழக்கு அதனால் முடியவில்லை. 1951இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது, கறுப்பினத்தவரையும் வெள்ளையரோடு சமமாக அமர்த்தாத அரங்குகளில் பாட மறுத்தார். மயாமி நகர விடுதி ஒன்று பெருந்தொகையுடன் அழைத்தும் அவர் வளையவில்லை, விடுதியே இறங்கிவந்தது. அதே ஆண்டு நியூயார்க்கின் ஸ்டார்க் கிளப்பில் தமக்கு உரிய முறையில் உணவு பரிமாறப்படவில்லை என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். செல்வாக்கு மிக்க இதழாளர் வால்டர் வின்செல் அவர்மீது பழி தூற்றினார், ஒப்பந்தங்கள் கைநழுவின. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில், ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் முன், மேடையின் பகட்டான ஆடைகளை விடுத்துப் பிரெஞ்சுப் படைச் சீருடையும் பதக்கங்களும் அணிந்து அவர் உரையாற்றினார்.

இனங்கள் ஒரே வீட்டில் ஒன்றி வாழ முடியும் என்று காட்ட விரும்பி, ஜப்பான், பின்லாந்து, கொலம்பியா முதலிய நாடுகளின் குழந்தைகள் பன்னிருவரைத் தத்தெடுத்து, தென்மேற்குப் பிரான்சிலுள்ள மிலாந்த் மாளிகையில் வளர்த்தார். எண்ணம் உயர்ந்தது. ஆயினும், பயணிகள் கட்டணம் செலுத்திப் பார்க்கும் இடமாக அவ்வீட்டை மாற்றியது குழந்தைகளுக்கு எளிதாக இருந்திருக்காது. வரவை மீறிய செலவால் கடன் பெருகி, 1968இல் மாளிகை ஏலம் போனது. வெளியேற்றப்பட்டு, வாயிற்படியில் போர்வையுடன் அமர்ந்திருந்த அவருடைய நிழற்படத்தை உலகம் கண்டது. மொனாக்கோ இளவரசி கிரேஸ் அவருக்கு ஒரு வீடு கிடைக்க உதவினார்.

அறுபத்தெட்டு வயதில் மீண்டும் மேடையேறினார். பாரிசின் பொபினோ அரங்கில், தம் ஐம்பதாண்டுக் கலைவாழ்வைச் சொல்லும் நிகழ்ச்சியை 1975 ஏப்ரல் 8 அன்று அரங்கேற்றினார். நான்கு நாள்களுக்குப் பின் மூளைக் குருதிப்பெருக்கால் இறந்தார். படை மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

2021 நவம்பர் 30 அன்று, நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனில் பிரான்சு அவருக்கு இடமளித்தது. அச்சிறப்பைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. குடும்பத்தாரின் விருப்பப்படி உடல் மொனாக்கோ கல்லறையிலேயே இருக்கிறது. பாந்தியோனுக்குச் சென்ற பேழையில் செயின்ட் லூயிஸ், பாரிஸ், மிலாந்த், மொனாக்கோ ஆகிய நான்கு இடங்களின் மண் இருந்தது.