கர்னல் மெக்கன்சியும் ஊர்ச்சரித ஏடுகளும்

ஏடொன்று கிடைத்தவிடத்து அதன் பொருளை ஆராய்தலோடு, அஃது எவர்பால் இருந்து வந்ததென்பதையும் ஆராய்தல் வேண்டும். உரியோர் பெயரைக் கடையேட்டிற் பொறித்துவைத்தல் நம் முன்னோர் வழக்கமே. நம் நாட்டு மொழிகளை அறியாத கர்னல் காலின் மெக்கன்சி இதனை ஒருவாறு உணர்ந்திருந்தமை வியப்பிற்குரியது.

ஸ்காட்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவிற் பிறந்த இவர், 1783-இல் சென்னை போந்து கும்பினிப் படையிற் சேர்ந்தனர். மதுரையில் அறிஞர் சிலரோடு அளவளாவிய காலத்தே பழைமையாராய்ச்சியில் இவர்க்கு வேட்கை பிறந்ததென்ப. 1799-இல் சீரங்கபட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பணி இவர்பால் வந்தது. நிலத்தை அளந்தவாறே அந்நிலத்தின் சரிதத்தையும் திரட்டத் தொடங்கினர்.

திரட்டியவர் உண்மையில் இவருடைய துணைவரே. காவலி வேங்கட போரய்யா அவருள் தலையாயவர். அவர் 1803-இல் மறையவே, தம்பியார் இலட்சுமய்யா அப்பணியை ஏற்றனர். துணைவர் ஊர்தோறுஞ் சென்று, ஊர்க்கணக்கர், கோயிலார், பாளையக்காரர் ஆகியோரை அடுத்துக் கைபீதுகளும் தலபுராணங்களும் வமிசாவளிகளும் பெற்றுத் தம் செலவு விவரங்களை எழுதியனுப்பினர். எளிதிற் கொடுத்தாரல்லர் பலர். பாளையங்கள் பறிபோன காலம் அது. கும்பினி அதிகாரியிடம் தம் குலவரலாறு உரைத்தல் ஒருபால் அச்சம், ஒருபால் இழந்த உரிமையை நாட்டும் வழி. ஆதலின் ஒரு வமிசாவளியை அளித்தவர் யாரென அறியாது அதனை மெய்ச்சரிதமாகக் கொள்ளுதல் பொருந்தாதென்பது நம் கருத்து.

1815-இல் இந்தியா முழுதுக்கும் முதல் நில அளவைத் தலைவராயினர். தாம் தேடியவற்றுக்கு அட்டவணை வகுக்கும் எண்ணம் நிறைவேறாமலே 1821 மே 8-இல் கல்கத்தாவையடுத்து மறைந்தனர். இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர்ச்சரிதங்கள் 2,070, சாசனப் படிகள் 8,076 எஞ்சின. அவர் மனைவியாரிடமிருந்து கும்பினியார் இலட்ச ரூபாய்க்கு அவற்றை வாங்கினர். 1828-இல் வில்சன் அட்டவணை வெளியிட்டார்.

பின் நிகழ்ந்ததே வருந்தத்தக்கது. எஞ்சிய பணியைத் தாமே முடிப்பதாக இலட்சுமய்யா விண்ணப்பித்தனர். எந்த ஏடு எவ்வூரில், எவர் வீட்டிற் கிடைத்ததென அவரைப்போல் அறிந்தார் பிறரிலர். எனினும் 1836-இல் கல்கத்தா ஆசியச் சங்கத்தார், இந்நாட்டவரொருவர் அப்பணியைத் தலைமை தாங்கி நடத்த வல்லரல்லரென்று கருதி அதனை மறுத்தனர். பணி வில்லியம் டெய்லர் பாதிரியார்பாற் சென்றது. தென்மொழிச் சுவடிகளிற் பெரும்பாலன சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. ஏடுகள் பிழைத்தன, அவற்றை ஈந்தோரைப்பற்றி இலட்சுமய்யா நெஞ்சிற் கொண்டிருந்த செய்திகளிற் பல அவரோடே மறைந்தன.